மாதவிலக்கை தள்ளிப்போடும் மாத்திரை: 45 வயசு தாண்டினா உஷார்

ஆடி மாசம் வந்தாலே மெடிக்கல்களில் ஒரு மாத்திரைக்கு கிராக்கி. கோவில் விசேஷம், கல்யாணம் என்றால் மாதவிலக்கை தள்ளிப்போட பெண்கள் வாங்கும் நோரெதிஸ்டிரோன்தான் அது. பல கடைகளில் டாக்டர் சீட்டு கேட்பதே இல்லை.

மருந்து மோசமானது என்று சொல்ல முடியாது. அதிக உதிரப்போக்குக்கு டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். தள்ளிப்போடுவதற்கு 5 மில்லிகிராம் வீதம் தினம் 3 வேளை, தேதிக்கு 3 நாள் முன்பே ஆரம்பிக்கணும். நிறுத்திய 2, 3 நாளில் மாதவிலக்கு வந்துவிடும். ஆனால் காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் இதை தொடவே கூடாது.

விவகாரமே 45 வயசுக்கு மேலேதான். மாதவிலக்கு நிற்கப்போகும் சமயத்தில் தேதி மாறும், சிலருக்கு உதிரம் கொட்டும். உடனே பழைய அட்டையை மகனிடம் கொடுத்து (அவனுக்கு என்ன தெரியும்?) அதே மாத்திரையை வாங்கி வரச்சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய் இருந்தால் பெரும்பாலும் அது காட்டும் முதல் அடையாளமே இந்த உதிரம்தான். மாத்திரை அதை மறைத்துவிடும், நாள் ஓடிவிடும்.

மாதவிலக்கு முழுசா நின்று 1 வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகணும். அரசு ஆஸ்பத்திரி மகளிர் பிரிவிலேயே பார்க்கலாம்.