எவர் தந்த பண்பாடு?

தன்பாலீர்ப்பு நமது பண்பாட்டிற்குப் புறம்பானது என்போர் சட்டத்தையே அரணாகக் கொள்வர். அச்சட்டமோ 1883இல் பிரித்தானிய ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் வழிவந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பெண்களுக்கும் விரித்தது.

உள்நாட்டு மரபு யாது? நாவுலவிற்கு அண்மையிலுள்ள நாலந்தா கெடிகேயின் அடித்தளத்தில் காமச் சிற்பம் உண்டு. அது தன்பாலீர்ப்பிற்குச் சான்றன்று. ஆயினும் உடலின் வேட்கையை ஆலயத்தினின்றும் விலக்காத மனப்பாங்கிற்குச் சான்றாகும்.

சட்டம் தந்த இங்கிலாந்தே 1967இல் அதனைத் தளர்த்திற்று. உலக சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலினின்றும் நீக்கியது. குற்றநீக்கச் சட்டமூலம் அரசியலமைப்பிற்கு முரணன்று என 2023இல் இலங்கை உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது.

இரவல் பெற்ற வெட்கத்தை முதுசொமெனக் காத்து, அதன்பொருட்டு மாந்தரைக் குற்றவாளிகளாக்குதல் எவ்வகைப் பண்பாடு?