வாஷிங் மெஷினைத் துரத்திய அமெரிக்கா... வரி போட்டால் வெளிநாடு போன தொழிற்சாலை திரும்பி வருமா?

"வெளிநாட்டில் தயாரித்து எங்கள் ஊரில் விற்கிறாயா? அப்படின்னா வரி கட்டு." ட்ரம்ப் இரண்டாவது முறை அமெரிக்க அதிபரானதில் இருந்து உலக வர்த்தகச் செய்திகள் பெரும்பாலும் இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. 2025 ஜூன் 23-ம் தேதி முதல் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், டிஷ்வாஷர் போன்ற வீட்டு உபயோகப் பொருட்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் இருக்கும் இரும்பின் மதிப்புக்கு அப்போது 50 சதவீதம் வரி போட்டார்கள்.

வெளிநாட்டுக்குப் போன தொழிற்சாலைகளை மறுபடியும் உள்ளூருக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நோக்கம். நடக்குமா?

இதற்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாஷிங் மெஷின் விஷயத்தில் அமெரிக்கா இதை ஏற்கெனவே ஒருமுறை முழுசாகச் செய்து பார்த்துவிட்டது. 2011-ல் ஆரம்பித்து 2023-ல் முடிந்த கதை அது. எத்தனை வேலை வந்தது, அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பொருளாதார நிபுணர்கள் கணக்கே போட்டுவிட்டார்கள்.

முதலில், ஏன் வெளியே போனார்கள்?

இண்டியானா மாநிலத்தில் எவன்ஸ்வில் என்று ஒரு ஊர். அங்கே வேர்ல்பூல் நிறுவனத்தின் ஃபிரிட்ஜ் தொழிற்சாலை இருந்தது. 2010-ல் அதை மூடினார்கள். சுமார் 1,100 பேருக்கு வேலை போனது. ஃபிரிட்ஜ் தயாரிப்பு மெக்சிகோவுக்குப் போனது. அடுத்த வருடம் அயோவா மாநிலத்தின் வெப்ஸ்டர் சிட்டியில் இருந்த எலக்ட்ரோலக்ஸ் தொழிற்சாலைக்கும் பூட்டு விழுந்தது. அங்கே தயாரானது வாஷிங் மெஷின். அதுவும் மெக்சிகோவுக்கே போனது.

கூலி கம்மி, அதனால் போனார்கள் என்று சொல்லிவிடலாம். உண்மையும்கூட. ஆனால் கூலி மட்டும்தான் காரணம் என்றால், எல்லாக் கம்பெனிகளும் உலகத்திலேயே பரம ஏழை நாட்டைத் தேடிப் போயிருக்க வேண்டும். அப்படிப் போகவில்லையே!

ஒரு வாஷிங் மெஷினுக்கு மோட்டார் வேண்டும், இரும்புத் தகடு வேண்டும், பிளாஸ்டிக் தொட்டி, பம்ப், சர்க்யூட் போர்டு, வயர் எல்லாம் வேண்டும். இவற்றைச் செய்து தருகிற சின்னக் கம்பெனிகள் பக்கத்திலேயே இருக்கிறதா என்பதுதான் தொழிற்சாலை வைப்பவர் முதலில் பார்க்கிற விஷயம். தடையில்லாத மின்சாரம், துறைமுகம், சொன்ன நேரத்துக்குச் சரக்கு ஏற்றும் ஒழுங்கு, இதெல்லாம் கூலியோடு சேர்ந்து கணக்கில் வரும். மெக்சிகோவுக்குக் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. 1994-ல் வந்த நாஃப்டா ஒப்பந்தத்தால் அங்கே தயாரித்த பொருளை அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் கொண்டுவர முடிந்தது. எல்லையைத் தாண்டினால் சந்தை.

வாஷிங் மெஷினுக்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே பாதி வெறும் காற்றுதான். பெரிய பெட்டி என்பதால் ஒரு கண்டெய்னரில் கொஞ்சம்தான் ஏற்ற முடியும். கப்பல் கூலி கையைக் கடிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு பொந்தை அடைத்தால் இன்னொரு பொந்து

2011 டிசம்பரில் வேர்ல்பூல் அமெரிக்க அரசிடம் ஒரு புகார் கொடுத்தது. சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் தென்கொரியாவிலும் மெக்சிகோவிலும் தயாரித்த மெஷின்களை அநியாயமாக விலை குறைத்து விற்கின்றன என்பது குற்றச்சாட்டு. குறிப்பாக, நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி. நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

புகார் கொடுத்தது யார் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் எவன்ஸ்வில்லில் இருந்து மெக்சிகோவுக்குப் போன அதே வேர்ல்பூல்! ஆனால் வாஷிங் மெஷினை அது ஒஹையோ மாநிலத்தின் கிளைட் நகரில் தயாரித்துக்கொண்டிருந்தது. அதனால் "உள்ளூர் உற்பத்தியாளர்" என்ற தகுதி அதற்கு இருந்தது.

ஒரு கம்பெனி தன் நாட்டில் விற்கும் விலையைவிடவோ, அடக்க விலையைவிடவோ குறைத்து இன்னொரு நாட்டில் விற்றால் அதற்குப் பெயர் டம்பிங். பொருளைக் கொண்டுவந்து குவிப்பது. அமெரிக்காவில் இதை இரண்டு அமைப்புகள் விசாரிக்கும். டம்பிங் நடந்ததா, எத்தனை சதவீதம் என்பதை வர்த்தகத் துறை சொல்லும். அதனால் உள்ளூர்த் தொழிலுக்குப் பாதிப்பா என்பதைச் சர்வதேச வர்த்தக ஆணையம் சொல்லும். இரண்டும் ஆமாம் என்றால் வரி. 2013 பிப்ரவரியில் தென்கொரியா, மெக்சிகோ மெஷின்களுக்கு அந்த வரி வந்தது.

சாம்சங்கும் எல்ஜியும் என்ன செய்தன? சீனாவுக்குப் போய்விட்டன.

இங்கேதான் இந்தச் சட்டத்தின் ஓட்டை. டம்பிங் வரி குறிப்பிட்ட நாட்டில் இருந்து வரும் பொருளுக்குத்தான் விழும். கம்பெனியைத் துரத்திக்கொண்டு போகாது. எனவே 2015 டிசம்பரில் வேர்ல்பூல் மறுபடியும் புகார் கொடுத்தது, இந்த முறை சீனாவைக் குறிவைத்து. 2017 ஆரம்பத்தில் முடிவு வந்தது. சாம்சங்குக்கு 52.51 சதவீதம், எல்ஜிக்கு 32.12 சதவீதம். கடுமையான வரிதான். ஆனால் அதற்குள் தயாரிப்பு தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நகர்ந்துவிட்டது.

முதல் சுற்று வரியால் அமெரிக்கக் கடைகளில் வாஷிங் மெஷின் விலை பெரிதாக ஏறவில்லை. கம்பெனி வேறு நாட்டுக்கு மாறிவிட்டதே, பிறகு எப்படி ஏறும்? அமெரிக்காவுக்கு வேலையும் வரவில்லை. தொழிற்சாலை ஊர் சுற்றியதுதான் மிச்சம்.

2018: எல்லா வாசலுக்கும் பூட்டு

2017 மே மாதக் கடைசியில் மூன்றாவது புகார். இந்தத் தடவை வேர்ல்பூல் ஆயுதத்தை மாற்றியது. 1974-ம் வருட வர்த்தகச் சட்டத்தின் 201-வது பிரிவு. இதில் எதிராளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கவே தேவையில்லை. இறக்குமதி திடீரென்று பெருகியது, அதனால் உள்ளூர்த் தொழிலுக்குப் பலத்த அடி என்று காட்டினால் போதும். வரியும் ஒரு நாட்டோடு நிற்காது, கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் விழும். பாதுகாப்பு வரி என்று சொல்வார்கள்.

2018 பிப்ரவரி 7 முதல் அமலுக்கு வந்தது. வருடத்துக்கு முதல் 12 லட்சம் மெஷின்கள் வரை 20 சதவீதம், அதற்கு மேல் வந்தால் 50 சதவீதம்.

இப்போது ஓட இடம் இல்லை. அதற்கு முன்பே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இரண்டு கொரிய நிறுவனங்களும் புரிந்துகொண்டிருந்தன. தென் கரோலினாவின் நியூபெரியில் கேட்டர்பில்லர் நிறுவனம் காலி செய்துவிட்டுப் போன கட்டடத்தை எடுத்து, 2018 ஜனவரியிலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது சாம்சங். எல்ஜி டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில்லில் புதிய ஆலையைக் கட்டியது.

ஆக, தொழிற்சாலை வந்ததா? வந்தது. இதை மறுக்கவே முடியாது. "வரியால் எதுவும் வராது" என்று ஒரேயடியாகச் சொல்பவர்களுக்கு நியூபெரிதான் பதில்.

பில் யார் தலையில்?

அமெரிக்க மத்திய வங்கியின் ஆரோன் ஃப்ளேன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் அலி ஹோர்டாக்சு, ஃபெலிக்ஸ் டின்டெல்நாட் ஆகிய மூன்று பேர் கடை விலைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். 2018 வரிக்குப் பிறகு வாஷிங் மெஷின் விலை கிட்டத்தட்ட 12 சதவீதம் ஏறியிருந்தது. ஒரு மெஷினுக்குச் சுமார் 86 டாலர்.

இதில் ஒரு ட்விஸ்ட். துணி காயவைக்கும் டிரையருக்கு வரியே கிடையாது. ஆனால் அதன் விலையும் சுமார் 92 டாலர் ஏறியது! காரணம், அமெரிக்காவில் வாஷரையும் டிரையரையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள், விலையும் ஒரே மாதிரி வைப்பார்கள். ஒன்றில் மொத்தமாக ஏற்றினால் பளிச்சென்று தெரியும். அதனால் இரண்டிலும் பிரித்துப் போட்டார்கள். வரி கட்டவே தேவையில்லாத உள்ளூர் பிராண்டுகளும் விலையை ஏற்றின. போட்டியாளர் விலை ஏறும்போது நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? வியாபாரம் அப்படித்தான்.

மொத்தத்தில் நுகர்வோருக்கு வருடத்துக்கு 150 கோடி டாலருக்கு மேல் கூடுதல் செலவு. வரியாக அரசுக்கு வந்தது சுமார் 8.2 கோடி டாலர். கிடைத்த வேலை? சாம்சங் அறிவித்தது 1,000, எல்ஜி 600, வேர்ல்பூல் 200. ஆக 1,800. செலவில் வரி வருமானத்தைக் கழித்துவிட்டு 1,800-ஆல் வகுத்தால், ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கும் மேல். அன்றைய ரூபாய் மதிப்பில் ஐந்தரைக் கோடியைத் தாண்டும். அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம் அல்ல இது. ஊரே சேர்ந்து அந்த வேலைக்காகக் கொடுத்த விலை.

இந்தக் கணக்கைக் காட்டி வரியே முட்டாள்தனம் என்று முடிப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது கொஞ்சம் அவசரம். ஆய்வு கணக்கிட்டது நேரடி வேலைகளை. ஒரு ஆலை வந்தால் பக்கத்தில் டீக்கடை முதல் லாரி ஷெட் வரை எத்தனையோ வரும். 2021-ல் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு வரி 2023 பிப்ரவரியில் காலாவதியானபோதும் ஆலைகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. ஆனால் வேலை "இலவசமாக" வந்ததாகச் சொன்னால் அது பொய்.

வேர்ல்பூலின் சந்தோஷமும் நீடிக்கவில்லை. வாஷிங் மெஷின் வரி வந்த அடுத்த மாதமே, 2018 மார்ச்சில், இறக்குமதி இரும்புக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி வந்தது. மெஷின் செய்யத் தேவையான தகடே விலை ஏறிப்போச்சு. உள்ளூரில் தயாரிப்பவர் விலை உயர்ந்த இரும்பை வாங்க வேண்டும், வெளிநாட்டில் தயாரிப்பவர் மலிவான இரும்பில் செய்து முழு மெஷினாகக் கொண்டுவந்து இறக்கலாம் என்ற கோணலான நிலைமை. 2025 ஜூனில் வீட்டு உபயோகப் பொருட்களுக்குள் இருக்கும் இரும்புக்கும் வரி போட்டது இதைச் சரிக்கட்டத்தான். ஒரு வரி, அதைச் சரிசெய்ய இன்னொரு வரி.

வாஷிங் மெஷின் வந்தது... சட்டை வருமா?

மேலே சொன்ன காற்றடைத்த பெட்டி ஞாபகம் இருக்கிறதா? கப்பல் கூலி அதிகம் என்பதால் வாஷிங் மெஷினை வாங்குபவர் பக்கத்திலேயே தயாரிப்பதில் ஏற்கெனவே ஓரளவு லாபம் உண்டு. உலோகத்தை அழுத்துவது, பிளாஸ்டிக் வார்ப்பது என்று பெரும்பகுதி வேலையை மெஷினே செய்துவிடும். பாதி மனசோடு இருந்தவரை வரி தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

டி-ஷர்ட் கதை வேறு. ஒரு கண்டெய்னரில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். தைப்பதற்கு இன்றும் மனிதக் கை வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா மொத்தம் 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனது இதனால்தான். அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். 30 சதவீத வித்தியாசம் இருந்தால் வாங்குபவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? தென் கரோலினா ஒரு காலத்தில் பஞ்சாலைகள் நிறைந்த மாநிலம். ஆனால் திருப்பூர் ஆர்டர் கைமாறினால் அது கரோலினாவுக்குப் போகாது, டாக்காவுக்குத்தான் போகும். 2013-ல் கொரியாவில் இருந்து சீனாவுக்குப் போன அதே வாஷிங் மெஷின் கதை.

நாமும் அதைத்தான் செய்தோம்

அமெரிக்காவை மட்டும் சொல்வானேன்? 2018 செப்டம்பரில் இந்தியாவும் 10 கிலோவுக்குக் குறைவான வாஷிங் மெஷின், வீட்டு ஃபிரிட்ஜ், ஏ.சி. ஆகியவற்றுக்கு இறக்குமதி வரியை 10-ல் இருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. அமெரிக்காவில் மல்லுக்கட்டிய அந்த இரண்டு கம்பெனிகளும் நம் பக்கத்திலேயே வாஷிங் மெஷின் தயாரிக்கின்றன. வேர்ல்பூல் புதுச்சேரியில், சாம்சங் ஸ்ரீபெரும்புதூரில்.

இவ்வளவு வரிக் கணக்கிலும் வராத ஒரு விஷயம், வந்த வேலை எப்படிப்பட்ட வேலை என்பது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் சங்க அங்கீகாரமும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது. அவர்களுடைய சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான்.