குளத்தை ஒரு நாள் சுத்தம் செய்தால் போதுமா?



பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்யப் போனேன். பாலிதீன் பைகள், உடைந்த பாட்டில்கள், பிய்ந்த செருப்புகள் என்று கூடை கூடையாக அள்ளினோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், குளம் பழையபடியே கிடந்தது!

"சார், அந்தச் சாக்கடைத் தண்ணி இன்னும் குளத்துலதானே சார் விழுது?" என்று கேட்டான் ஒரு மாணவன். குப்பையைப் பார்த்த எனக்கு, அது வரும் வழி கண்ணில் படவில்லை. மாணவனிடம் ஆசிரியர் பாடம் படித்த நாள் அது.

அவன் கேட்ட கேள்விக்குப் பஞ்சாப் மாநிலத்து மக்கள் செய்து காட்டிய பதில் ஒன்று உண்டு. அங்கே 'காளி பெய்ன்' என்றொரு சிறு நதி ஓடுகிறது. நீளம் 160 கிலோ மீட்டர். குருநானக் ஞானம் பெற்றது இந்த நதியில்தான் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அவ்வளவு புனிதமான நதியில் கரையோர ஊர்களின் சாக்கடை எல்லாம் வந்து விழுந்தது. ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியாமல் போனது.

2000-ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீசேவால் என்ற துறவி, தாமே நதியில் இறங்கிச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து ஊர் மக்களும் இறங்கினார்கள். சம்பளம் கிடையாது. வீட்டிலிருந்து மண்வெட்டி வந்தது, ரொட்டியும் வந்தது.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஊர் ஊராகப் போய், "சாக்கடையை நதியில் விடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். விடாமல் வேறு எங்கே போவது? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். கழிவுநீர் அடுத்தடுத்து உள்ள தொட்டிக் கிணறுகள் வழியாகப் போகும். குப்பையும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேயே தங்கிவிடும். பிறகு ஒரு குட்டையில் தேங்கித் தெளிந்த நீர், வயலுக்குப் பாயும். 2006-இல், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் நேரில் சென்று இந்தப் பணியைப் பாராட்டினார். சீசேவாலுக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கதை இத்துடன் சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. அதன் பிறகும் கழிவுநீர் கலந்து, காளி பெய்னில் மீன்கள் செத்து மிதந்தது உண்டு. ஏன் தெரியுமா? சாக்கடையில் உள்ள அழுக்கை நுண்ணுயிரிகள் தின்னும். அழுக்கு அதிகமானால் அவையும் கோடிக்கணக்கில் பெருகும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை எல்லாம் அவையே எடுத்துக்கொள்ளும். மீன் என்ன செய்யும், பாவம்! தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப் போகும். பல ஆண்டு உழைப்பு வீணாகச் சில நாள் கவனக்குறைவு போதும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று ஆறு பேர் கொண்ட ஒரு குழு இருந்ததை அது சொல்கிறது. குடவோலை முறையில் தேர்வான அவர்களுக்குப் பதவிக்காலம் 360 நாள்தான். அது முடிந்ததும் வேறு ஆறு பேர்! ஆக, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரில் எப்போதும் ஆள் இருந்தார்கள். இன்று உங்கள் ஊர் ஏரிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

எங்கள் மணவூர்ப் பக்கம் ஓடும் கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏரியின் நீரைத்தான் சென்னை மக்கள் குடிக்கிறார்கள். இங்கே ஆற்றில் கலப்பது, எங்கோ ஒரு வீட்டுக் குழாய் வரை பயணம் போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு, உங்கள் ஊர்க் குளத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். (தண்ணீரில் இறங்கக் கூடாது. வாத்தியார் உத்தரவு!) மழைநீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, அது அடைபட்டிருக்கிறதா, எத்தனை இடத்தில் சாக்கடை விழுகிறது என்று பார்த்து, நோட்டில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நகரத்துப் பிள்ளைகள் அதை நகராட்சிக்கு மனுவாக எழுதலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி மட்டுமல்ல, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் அது கூடும். அப்பா, அம்மாவுடன் நீங்களும் போங்கள். நீங்கள் வரைந்த படத்தைக் காட்டி, "இந்தச் சாக்கடையை எப்போது திருப்பிவிடப் போகிறீர்கள்?" என்று அவர்கள் எழுந்து கேட்கட்டும்.