ஆவாரம்பூ சாப்பிடலாம், மாத்திரையை விடலாமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். செய்யாறு பாயும் ஊர். சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மா இதுதான்.

இந்த வட்டாரத்து மேட்டு நிலங்களில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி, ஆவாரை. அதற்கு உரம் போடுவார் இல்லை. தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை. ஆனாலும் பூக்கிறது.

ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்று கேட்பது பழமொழி. ஆவாரம்பூவை ஆய்ந்து, பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைப்பார்கள். நிழலில் உலர்த்திக் கொதிக்க வைத்து, காபிக்குப் பதிலாகக் குடிப்பாரும் உண்டு. காசில்லாமல் கிடைக்கும் நல்ல உணவு இது. இதை மறக்கக் கூடாது.

எலிக்குக் குறைந்தது

ஆவாரம்பூ சர்க்கரை வியாதிக்கு நல்லது என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சர்க்கரை வியாதி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. இந்த முடிவு 2002-ம் ஆண்டில் வெளியாயிற்று.

நல்ல செய்திதான். ஆனால் எலி வேறு, மனிதன் வேறு.

ஆவாரம்பூவை நம்பிச் சிலர் மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள். இது பெரிய தவறு. கவனிக்காமல் விட்ட சர்க்கரை வியாதி, கண்ணைக் கெடுக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும்; காலையே எடுக்க வைக்கும். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

மாத்திரைக்கு அலைய வேண்டியதும் இல்லை. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து தருகிறார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர் ஆவாரம்பூ நீரும் குடித்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பதே நல்லது.

எல்லாப் பூவும் ஒன்றல்ல

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அது வெறும் பேச்சு அல்ல. உலர்ந்த இலுப்பைப் பூவில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். வளரும் பிள்ளைக்குத் தெம்பு தரும் அந்தப் பூ, சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆகாது.

மஞ்சள் அரளியும் மஞ்சள் நிறம்தான். அது கொடிய விஷம்! தெரியாத பூவைப் பறித்து வாயில் போடக் கூடாது. பூச்சி மருந்து அடித்த வயல் ஓரத்துப் பூவும் வேண்டாம்.

பூவை அறிந்தவர், வீட்டுப் பாட்டிதான். வியாதியை அறிந்தவர், டாக்டர். சமையலுக்குப் பாட்டியைக் கேளுங்கள். மருந்துக்கு டாக்டரைக் கேளுங்கள்.