நகர்ந்த ஆறும் நகராத கோடும்

ஆற்றை நாட்டின் எல்லையாக வகுப்பது எளிது. அந்த ஆறு இடம்பெயர்ந்தால் எல்லையும் உடன் பெயருமா என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. அமெரிக்காவின் எல் பாசோவும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெசும் இவ்வினாவோடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வாழ்ந்தன.

1848ஆம் ஆண்டு உடன்படிக்கை, ரியோ கிராண்டே ஆற்றை இரு நாடுகளுக்கும் எல்லையாக்கியது. ஆறோ கரையை அரித்துத் தெற்கே நகர்ந்தது. 1864ஆம் ஆண்டு வெள்ளத்தில் பெரிதும் விலகியது. மெக்சிகோவின் சமிசால் நிலம் இவ்வாறு ஆற்றின் வடபுறம் சேர, அங்கு எல் பாசோவின் தெருக்கள் எழுந்தன. அந்நிலத்தின் ஒரு பகுதி மெக்சிகோவுக்குரியது என 1911இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கா அதனை ஏற்கவில்லை.

1950களில் இந்நகரம் இருந்த நிலையை அக்கால நிலத்தோற்ற வரைபடங்களில் காணலாம். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் இவ்வகைப் படங்களில் நீர் நீலமாகவும் சமஉயரக் கோடுகள் பழுப்பாகவும் அமையும். ஆற்றின் வடபுறத்தில் மெக்சிகோவுக்குரிய நிலத்துண்டு ஒன்று அன்று இருந்தது. அதன் பெயர் கோர்டோவா தீவு. சுற்றிலும் நீரில்லாத விந்தையான தீவு அது! வெள்ளத்தைத் தணிக்க 1899இல் வெட்டப்பட்ட கால்வாய், ஆற்றின் வளைவைத் துண்டித்ததால் உண்டானது.

மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளுக்கு இப்படங்கள் இளஞ்சிவப்பு வண்ணம் பூசும். பள்ளி, தேவாலயம் போன்றவையே தனிக் குறி பெறும்; வீடுகள் பெறா. இது வரைந்தோரின் குற்றமன்று. 1:24,000 என்னும் அளவையில் வீடுதோறும் குறியிட இயலாது. ஆயினும் அவ்வண்ணத்தை வெறும் நிலப்பரப்பாகப் படிப்பது பெரும்பிழை.

1963ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 630 ஏக்கர் மெக்சிகோவுக்கும், கோர்டோவா தீவின் 193 ஏக்கர் அமெரிக்காவுக்கும் சென்றன. 1968இல் ஆறு கான்கிரீட் கால்வாய்க்குள் திருப்பப்பட்டது. போரின்றி எல்லைச் சிக்கல் தீர்ந்தது என இவ்வொப்பந்தம் போற்றப்படுகிறது, அப்புகழ் தகுந்ததே. ஆனால், வரைபடத்தில் ஒரு நீலக்கோடு சிறிது விலகியதற்காக எல் பாசோவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். வீட்டிற்கு இழப்பீடு கிடைத்தது. கலைந்துபோன அண்டை அயலுக்கு எந்த இழப்பீடு ஈடாகும்?

எனவே, ஒரே ஆண்டின் வரைபடத்தைச் சான்றாகக் கொண்டு ஒரு நகரின் வரலாற்றை எழுதுதல் தகாது. அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களை அருகருகே விரித்து, வெளியேறியோர் கூறியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மெக்சிகோ பெற்ற நிலத்தில் இன்று பெரியதொரு பூங்கா இருக்கிறது. அங்குத் தெருக்கள் இருந்த செய்தியைப் புதிய வரைபடம் கூறாது. 1950களின் தாள்தான் கூறும்.