பள்ளிப் பிள்ளைகளின் மனநலம்: தருமபுரி மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் சங்கம்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: அரசுப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் நியமனம், வட்ட அளவில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவச் சேவை – கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள்: 25.07.2025.
2. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

எங்கள் வட்டத்தில் பல வீடுகளில் தாயும் தகப்பனும் பெங்களூரிலோ திருப்பூரிலோ பிழைப்புக்காக இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறார்கள். பாட்டி சோறு போட்டு, சட்டை துவைத்து அனுப்புகிறார். பிள்ளை பத்து நாளாகச் சரியாகப் பேசவில்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது. அதை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

பிள்ளைகளும் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. வயிற்றுவலி என்கிறார்கள், தலைவலி என்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். திங்கட்கிழமை காலையில் வலி திரும்ப வந்துவிடுகிறது. மந்திரித்துக் கயிறு கட்டியே மாதங்களைக் கடத்திய குடும்பங்களும் எங்களுக்குள் உண்டு. அந்தத் தவறு எங்களுடையது என்பதை மறைக்கவில்லை.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இது ஏறக்குறைய மூன்று பேர்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் கூறவில்லை. 14416, 14417, 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. ஆனால் பள்ளிக்குள் பிள்ளைகள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியும் பெரியவர் கையில். யாரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமோ அவரிடமே கைப்பேசியைக் கேட்டு வாங்க வேண்டிய பிள்ளையும் உண்டு. பெட்டியில் சீட்டு போடலாம். ஆனால் பெட்டி திரும்பப் பேசாது. முன்னர் மாநிலத்தில் அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து 10 நடமாடும் ஆலோசனை மையங்கள் இயங்கின. வண்டி ஒரு பள்ளிக்கு மறுபடி வருவதற்குள் பிள்ளை வகுப்பே மாறியிருக்கும். எந்தப் பிள்ளையும் முதல் நாளிலேயே மனத்தைத் திறப்பதில்லை. ஒரே ஆள், ஒரே அறையில், வாரந்தோறும் இருந்தால்தான் நான்காவது ஐந்தாவது முறையாவது வாய் திறக்கும்.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும்; அதற்குக் குறைவான இடங்களில் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வேண்டும் என்று பார்வை 1-இல் கண்ட தீர்ப்பு கூறுகிறது. உரிய சட்டம் வரும்வரை இந்த வழிகாட்டுதல்கள் நாடு முழுவதும் பொருந்தும். ஆகவே நாங்கள் கேட்பது சலுகை அன்று. எங்கள் கோரிக்கைகள் பின்வருமாறு:

1. வட்டத்தில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆலோசகர் நியமிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். சிறிய பள்ளிகளைச் சேர்த்து, குறுவள மைய அளவில் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒரு நாளை நிலையாக ஒதுக்க வேண்டும். இருக்கும் ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாக இதைச் சுமத்தக் கூடாது. கல்வியாண்டின் நடுவில் ஆலோசகரை இடமாற்றம் செய்யக் கூடாது.

2. பென்னாகரம் அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், வாரத்தில் ஒரு நாள் மாலை குழந்தைகளுக்கென மனநல மருத்துவர் இருக்க வேண்டும். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து தருமபுரி போய்வந்தால் பெரியவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகிறது. இரண்டாவது முறை போகாமல் நின்றுவிடுவது இதனால்தான்.

3. தீர்ப்பில் சொன்னபடி ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். பிள்ளை சொன்னதை ஆசிரியர் அறையில் பேசக் கூடாது என்பதும், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டியதை "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

4. ஆலோசனைக்கு வந்த பிள்ளையின் விவரம் தனிக் கோப்பில், பூட்டில் இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழிலோ வகுப்புப் பதிவேட்டிலோ அதன் சுவடு இருக்கக் கூடாது.

5. மதிப்பெண் அடிப்படையில் மாணவரைத் தனிப் பிரிவாக ஒதுக்குவதும், வகுப்பில் எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்துவதும் நிறுத்தப்பட வேண்டும். விளையாட்டு, நீதிபோதனைப் பாடவேளைகளைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை முதன்மைக் கல்வி அலுவலர் தடுக்க வேண்டும்.

6. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்தில், தேர்ச்சி பெறாத ஒவ்வொரு மாணவரையும் அவருக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வீட்டில் சென்று பார்த்து, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வரை உடன் நிற்க ஏற்பாடு வேண்டும்.

7. கல்வி, சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்புத் துறை அலுவலர்களோடு பள்ளி மேலாண்மைக் குழுப் பிரதிநிதிகளையும் அழைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் தலைமையில் ஆய்வுக் கூட்டம் நடத்த வேண்டும்.

இவற்றில் 2 முதல் 7 வரையிலான கோரிக்கைகளை மாவட்ட அளவிலேயே தொடங்கிவிடலாம் என்று நம்புகிறோம். முதல் கோரிக்கைக்கு நிதி வேண்டும் என்பதை அறிவோம். எங்கள் பங்காக, ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அறையைச் சீர்செய்து, வெள்ளையடித்து, இரண்டு நாற்காலி போட்டுத் தருகிறோம். ஒரு நாற்காலியில் உட்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதிர் நாற்காலிக்குத் தாங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்.

இடம்: பென்னாகரம்

நகல்:
முதன்மைக் கல்வி அலுவலர், தருமபுரி.
சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர், தருமபுரி.
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், தருமபுரி.