மூங்கில் கூடையும் ஹலால் முத்திரையும்

காயல்பட்டினத்துக் குடும்பங்களும் வாழும் ஹாங்காங்கில், வான்சாய் அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் 5ஆம் தளத்தில் ஹலால் 'டிம் சம்' உணவகம் உள்ளது. இத்தகைய இடங்களின் அருமையை நாம் முழுமையாக உணர்ந்திருக்கிறோமா?

சீன உணவு குறித்த நம் அச்சம் நியாயமானதே. 'சார் சியு பாவ்' எனும் ஆவியில் வெந்த ரொட்டியின் பூரணமே பன்றி இறைச்சிதான். 'ஹார் காவ்' எனும் இறால் கொழுக்கட்டையிலும் மரபாகப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பர். சில சமையலறைகளில் பாவ் மாவிலும் அது கலக்கும். ஆகவே இறைச்சியை மட்டுமன்றி, மாவையும் கொழுப்பையும் விசாரிப்பது நம் கடமை.

ஆனால் நம் விசாரணை அத்துடன் நின்றுவிடுகிறது. மாவைப் பிசைந்து புளிக்கவிட்டு, ஓரம் மெலிந்தும் நடுப்பகுதி தடித்தும் இருக்குமாறு வட்டமாகத் தேய்த்து, பூரணத்தைக் கட்டைவிரலால் அழுத்தியவாறே மடிப்பு மடிப்பாக வாய் மூடுகிறார் சமையற்காரர். நடுப்பகுதி மெலிந்தால் சாறு கசியும். அந்தப் பக்குவத்தை விரல்களே அறியும். ஆலையில் செய்து உறையவைத்த மலிவுப் பண்டத்தோடு இக்கைத்தொழில் இன்று போட்டியிட வேண்டியுள்ளது.

தன் கை உழைப்பால் பெற்ற உணவே மிகச் சிறந்தது என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அதற்குத் தாவூத் (அலை) அவர்களையே எடுத்துக்காட்டினார்கள். திருக்குர்ஆனும் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

எனவே கையால் செய்த ஒரு கூடைக்குச் சற்றுக் கூடுதல் விலை கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுப்போம். எதைத் தவிர்த்தோம் என்பதோடு, எவருடைய உழைப்பை உண்டோம் என்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம், இன்ஷா அல்லாஹ்.